லண்டன் கமர்ஷியல் பாரிஸ்டர்: ஒரே ஆளுக்கு இத்தனை துறையா?

கேள்வி இதுதான்: "தங்கை மகள் சட்டம் படிக்கிறாள். லண்டனில் கமர்ஷியல் பாரிஸ்டர், அதாவது வணிக வழக்குகளில் வாதாடுகிற வக்கீல், ஆக வேண்டும் என்கிறாள். அங்குள்ள சேம்பர்ஸ்களின் (பாரிஸ்டர்கள் கூட்டாக வைத்திருக்கும் அலுவலகங்கள்) இணையப் பக்கங்களைத் திறந்தால், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் வங்கி, கப்பல், காப்பீடு, எரிசக்தி, ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன் தீர்ப்பது), மோசடி என்று ஏழெட்டுத் துறை போட்டிருக்கிறது. ஒருவரால் இத்தனையும் முடியுமா, இல்லை விளம்பரமா? இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முன்பு என்ன படித்தவர்கள்?"

முடியும். கொஞ்சம் விளம்பரமும் உண்டுதான். நான் சென்னையில் ஒரு கப்பல் நிறுவனத்தின் க்ளெய்ம்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன். லண்டன் சொலிசிட்டர்கள் வழியாகப் பாரிஸ்டர்களுக்கு ஃபைல் அனுப்பி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடுவதே பல வருடம் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததையும், தீர்ப்புகளில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். நிக்கலஸ் ஹேம்ப்ளன். எசெக்ஸ் தெரு 20-ஆம் எண்ணில் உள்ள சேம்பர்ஸில் இருந்தவர். கப்பலும் சரக்கும்தான் அந்த சேம்பர்ஸின் பழைய சொத்து. 2008-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார், 2020-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் முன் வந்த மூன்று வழக்குகளைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஒன்று நம் பக்கத்து வழக்கு. இலங்கை அரசின் சிலோன் பெட்ரோலியம் கார்ப்பரேஷன், எண்ணெய் விலையை வைத்து ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியுடன் சில ஒப்பந்தங்கள் போட்டது. விலை ஒரு வரம்புக்கு மேல் ஏறினால் வங்கி பணம் தரும், ஆனால் அந்தப் பணத்துக்கு ஓர் உச்சம் உண்டு. விலை இன்னொரு வரம்புக்குக் கீழே இறங்கினால் கார்ப்பரேஷன் வங்கிக்குத் தர வேண்டும், அதற்கு அப்படி உச்சம் எதுவும் இல்லை. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட விலை, அந்த டிசம்பருக்குள் 40 டாலருக்கும் கீழே சரிந்தது. கார்ப்பரேஷன் பணம் கட்டுவதை நிறுத்திக்கொண்டது. வங்கி லண்டன் கமர்ஷியல் கோர்ட்டுக்குப் போய்ச் சுமார் 16 கோடி டாலர் கேட்டது. "இப்படி ஒப்பந்தம் போட எங்களை உருவாக்கிய சட்டமே எங்களுக்கு அதிகாரம் தரவில்லை" என்பது கார்ப்பரேஷன் தரப்பின் முக்கியமான வாதங்களில் ஒன்று. எடுபடவில்லை. 2011-ல் ஹேம்ப்ளன் வங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார், மறு வருடம் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

இன்னொன்று அதற்கும் முந்தைய வருடம் வந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஹோட்டல். 2005-ல் கத்ரீனா, ரீட்டா என்று அடுத்தடுத்து வந்த இரண்டு புயல்களில் ஹோட்டலும் சேதம், ஊரும் சேதம். வியாபார இழப்புக்குக் காப்பீடு கேட்டார்கள். காப்பீட்டு நிறுவனம் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது: "உங்கள் கட்டடம் பழுதாகாமல் இருந்திருந்தாலும் ஊரே பாழாகிக் கிடந்ததால் விருந்தாளி யாரும் வந்திருக்கமாட்டார். ஆகவே கட்டடச் சேதத்தால் உங்களுக்கு இழப்பே இல்லை." ஆர்பிட்ரேஷன் நடுவர்கள் இதை ஏற்றார்கள். அதை எதிர்த்து வந்த முறையீட்டில் ஹேம்ப்ளனும் 2010-ல் சரி என்றார்.

பத்து வருடம் கழித்துக் கோவிட் வந்தது. கடைகளும் மதுக்கூடங்களும் மூடின. பல பாலிசிகளில் "உங்கள் இடத்திலிருந்து 25 மைல் சுற்றளவுக்குள் தொற்றுநோய் வந்தால் வியாபார இழப்பைத் தருவோம்" என்கிற மாதிரி வாசகம் இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் நியூ ஆர்லியன்ஸ் தீர்ப்பைக் கையில் எடுத்தன: உங்கள் 25 மைலுக்குள் ஒருவருக்கும் நோய் வராமல் இருந்திருந்தாலும் நாடே மூடியிருக்கும், ஆகவே இழப்புக்கு அந்த நோயாளிகள் காரணமில்லை. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் எட்டு நிறுவனங்கள் மீது முன்மாதிரி வழக்கு போட்டது. 2021 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பைச் சேர்ந்து எழுதிய இருவர் ஹேம்ப்ளனும் லெக்கட்டும். நியூ ஆர்லியன்ஸ் வழக்கில் நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தவர் இதே லெக்கட். இருவரும் தாங்கள் அன்று சொன்னது தவறு என்று எழுதி, அந்தப் பழைய தீர்ப்பைத் தூக்கிப் போட்டார்கள். சிறு வியாபாரிகள் ஏராளமானோர் பணம் வாங்கினார்கள். சட்டத்தில் எனக்குப் பிடித்த சில பக்கங்களில் அதுவும் ஒன்று.

கப்பல் சேம்பர்ஸிலிருந்து வந்தவர் எண்ணெய் விலை ஒப்பந்தத்தையும், புயலில் போன ஹோட்டலையும், கோவிட் பாலிசியையும் எப்படிக் கையாள்கிறார்? மூன்றிலும் அடியில் கிடப்பது ஒன்றே: இரண்டு வியாபாரிகள் ஒரு தாளில் எழுதிக்கொண்டது என்ன, அதை ஒருவர் மீறினால் இழப்பை எப்படி அளப்பது. ஒப்பந்தச் சட்டத்தில் ஆழமாகக் கால் ஊன்றியவருக்கு மேலே உள்ள வியாபாரம் மாறினால் பெரிய சங்கடமில்லை. அந்த வியாபாரத்தைச் சில வாரத்தில் கற்றுக்கொள்ளும் மூளையும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான். ஏழெட்டுத் துறைப் பட்டியல் வருவது இதனால்.

இங்கே அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். இங்கிலாந்தில் கட்சிக்காரரோடு நேரடியாகப் பழகி, ஆவணம் சேர்த்து, வழக்கை நடத்துகிறவர் சொலிசிட்டர். வாதாடவும், சிக்கலான விஷயத்தில் எழுத்தில் கருத்துச் சொல்லவும் அவர் அமர்த்துகிறவர் பாரிஸ்டர். பாரிஸ்டர்கள் பெரும்பாலும் தனித்தொழில் செய்கிறவர்கள். பல பேர் சேர்ந்து ஒரு கட்டடத்தையும் கிளார்க்குகளையும் வைத்துக்கொண்டால் அது சேம்பர்ஸ். அது கம்பெனி கிடையாது, லாபப் பங்கும் கிடையாது. அதனால் ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்த இருவர் ஒரே வழக்கில் எதிரெதிரே நிற்கலாம், அதே சேம்பர்ஸிலிருந்து போனவர் நீதிபதியாக மேலே உட்காரலாம். நம்மூர் கட்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். "அந்த ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்தானே சார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கிளார்க் என்றதும் நம்மூர் குமாஸ்தாவை நினைக்காதீர்கள். எந்த வழக்கு யாருக்குப் போக வேண்டும், என்ன கட்டணம், எந்த இளைஞரை எந்த சொலிசிட்டருக்கு அறிமுகம் செய்வது என்று முடிவு செய்கிற ஆள் அவர். நாங்கள் பேரம் பேசியதெல்லாம் கிளார்க்கோடுதான். பாரிஸ்டரிடம் காசு பேசினதே இல்லை.

சேம்பர்ஸ் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. ஒன் எசெக்ஸ் கோர்ட், டெம்பிள் வளாகத்துக்குள் எசெக்ஸ் கோர்ட்டிலேயே இருக்கிறது. எசெக்ஸ் கோர்ட் சேம்பர்ஸ் என்பது வேறு, அது லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் இருக்கிறது. ட்வென்டி எசெக்ஸ் இருப்பது எசெக்ஸ் தெருவில். பிரிக் கோர்ட் சேம்பர்ஸ் பிரிக் கோர்ட்டை விட்டுக் கிளம்பி, அதுவும் எசெக்ஸ் தெருவுக்கே வந்துவிட்டது. கூரியர் அனுப்பும்போது விலாசத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

இந்தத் தொழில் தனிப் பிரிவாக ஆனதற்கு ஒரு நீதிபதியின் திணறலைக் காரணமாகச் சொல்வார்கள். 1890-களின் தொடக்கத்தில் ஜெனரல் ஆவரேஜ் கணக்கு ஒன்று, அதாவது ஆபத்தில் கப்பலைக் காப்பாற்றச் செய்த செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் எப்படிப் பங்கிடுவது என்கிற வழக்கு, நீதிபதி ஜே. சி. லாரன்ஸ் முன் வந்தது. நல்ல உயரம், ஆகவே பட்டப்பெயர் லாங் லாரன்ஸ். விசாரணை நாள்கணக்கில் போனது, தீர்ப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கடைசியில் வந்தபோது அவருக்கு விஷயம் பிடிபடவே இல்லை என்பது வெட்டவெளிச்சமானது. இதைப் பின்னாளில் நீதிபதி மெக்கின்னன் கிண்டலாக எழுதிவைத்தார். லண்டன் வியாபாரிகள் ஏற்கெனவே கோர்ட்டை விட்டு ஆர்பிட்ரேஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடித்து வைக்க 1895-ல் வணிக வழக்குகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டு, மேத்யூ என்ற நீதிபதியிடம் கொடுத்தார்கள். அது 1970-ஆம் வருடச் சட்டத்தில் முறையாகக் கமர்ஷியல் கோர்ட் ஆனது. இப்போது ஃபெட்டர் லேனில், 2011-ல் திறந்த ரோல்ஸ் பில்டிங்கில் நடக்கிறது.

சரி, துறைகளுக்கு வருவோம்.

கப்பல்தான் மூத்த பிள்ளை. வாடகை ஒப்பந்தம், சரக்குச் சேதம், மோதல், மீட்புக் கூலி. செவன் கிங்ஸ் பெஞ்ச் வாக், குவாட்ரன்ட், ட்வென்டி எசெக்ஸ், எசெக்ஸ் கோர்ட் சேம்பர்ஸ் இதில் பழம் தின்று கொட்டை போட்டவை. தமிழ் வாசகருக்குப் பரிச்சயமான உதாரணம் எக்ஸ்பிரஸ் பேர்ல். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் தொடக்கத்தில் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகளைக் கரையெல்லாம் கொட்டிய கன்டெய்னர் கப்பல். கப்பல்காரர்கள் லண்டன் கடல்சார் நீதிமன்றத்துக்குப் போய், தங்கள் பொறுப்புக்கு வரம்பு கேட்டார்கள். 2023-ல் கிடைத்த வரம்பு சுமார் 1 கோடியே 90 லட்சம் பவுண்டு. அந்தத் தொகையைச் சேதத்தை அளந்து சொல்வதில்லை, கப்பலின் டன் கணக்கை வைத்துச் சர்வதேச ஒப்பந்தப்படி போடுகிறார்கள். இலங்கை உச்ச நீதிமன்றமோ 2025 ஜூலையில் 100 கோடி டாலர் கட்டச் சொன்னது. இந்த இரண்டு தொகைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கப்பல் பாரிஸ்டருக்கு வேலை.

இங்கே நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். காக்கிநாடாவில் ஏற்றிய மூட்டை அரிசி மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கும்போது மேல்வரிசை மூட்டைகள் நனைந்து பூசணம் பிடித்திருந்தன. கப்பலின் உள்பக்க இரும்பில் வியர்த்துச் சொட்டியது, மாலுமிகள் சரியாகக் காற்றோட்டம் விடவில்லை என்று சரக்குக்காரர் க்ளெய்ம். நாங்கள் சட்டக் குறிப்புகளோடு வீடியோ கான்ஃபரன்ஸுக்கு உட்கார்ந்தோம். பாரிஸ்டர் சட்டத்தையே எடுக்கவில்லை. வென்டிலேஷன் லாக்கைத் திரையில் போட்டு, "இந்த நான்கு நாளும் ஒரே வெப்பநிலை, ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதின மாதிரி இருக்கிறதே, யார் எழுதினது, எப்போது?" என்றார். அப்புறம் மழை பெய்த மணி நேரத்தில் எப்படிக் காற்றோட்டம் விட்டதாக எழுதியிருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. எதிர்த்தரப்பு இதைக் கண்டுபிடிப்பதற்குள் செட்டில் செய்துவிடுங்கள் என்பது அவர் ஆலோசனை. செய்தோம். மனிதர் பட்டம் வாங்கியது லத்தீன், கிரேக்க இலக்கியத்தில்.

காப்பீட்டைப் பற்றி மேலேயே நிறையச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கோவிட் வழக்கை உயர் நீதிமன்றத்தில் விசாரித்த ஃபிளாக்ஸ், புட்சர் இருவருமே செவன் கிங்ஸ் பெஞ்ச் வாக்கிலிருந்து வந்தவர்கள். உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவில் மாட்டிக்கொண்ட குத்தகை விமானங்களுக்கான காப்பீட்டு வழக்கும் புட்சரிடமே போனது. 2025 ஜூனில் அவர் சொன்ன தீர்ப்பில் ஏர்கேப் என்ற விமானக் குத்தகை நிறுவனம் ஒன்றுக்கு மட்டுமே 100 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. எந்த சேம்பர்ஸ் எந்தத் துறையில் ஊறியது என்பது நீதிபதி நாற்காலி வரை தொடர்ந்து வருகிறது.

மோசடி, சொத்து முடக்கம். ஆசைப்பட்டு வரும் இளைஞர்களுக்கு அதிகம் பிடிப்பது இதுதான், பரபரப்பு இருக்கிறது அல்லவா. இதன் முக்கிய ஆயுதம் பிறந்ததும் ஒரு கப்பல் வாடகை வழக்கில். 1975-ல் மரேவா என்ற கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள், அதை இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரில் உள்வாடகைக்கு விட்டார்கள். இந்திய அரசின் சரக்கு ஒப்பந்தங்கள் அந்தப் பெயரில்தான் இருக்கும். போர்தோவில் உரம் ஏற்றியது கப்பல். இந்தியத் தூதரகம் 1,74,000 பவுண்டை லண்டன் வங்கி ஒன்றில் வாடகைக்காரர் கணக்கில் கட்டியது. வாடகைக்காரர் கப்பல் உரிமையாளருக்கு மூன்றாம் தவணையைக் கொடுக்கவில்லை. பணம் வெளிநாட்டுக்குப் பறந்துவிடும் முன் அந்தக் கணக்கை முடக்குங்கள் என்று உரிமையாளர் கேட்க, நீதிபதி டென்னிங் முடக்கினார். தீர்ப்பு வருவதற்கு முன்பே எதிராளியின் சொத்தைக் கட்டிப்போடும் உத்தரவுக்கு மரேவா என்ற பேரே நிலைத்துவிட்டது. இன்று அதை உலகம் முழுக்க உள்ள சொத்துக்கும் கேட்கலாம். விஜய் மல்லையா மீது 13 இந்திய வங்கிகள் வாங்கியது அதைத்தான். கடன் மீட்புத் தீர்ப்பாயம் இங்கே கொடுத்த 6,203 கோடி ரூபாய்த் தீர்ப்பை அங்கே பதிவு செய்து, சொத்தை முடக்கினார்கள். 2018 மே மாதம் கமர்ஷியல் கோர்ட் அதை ரத்து செய்ய மறுத்தது. 2021 ஜூலையில் அவர் திவாலானவர் என்று வேறொரு நீதிபதி அறிவித்தார்.

இதே வகையில் பெரிசு, ரஷ்யக் கோடீஸ்வரர்கள் பெரெசோவ்ஸ்கிக்கும் அப்ரமோவிச்சுக்கும் நடந்த வழக்கு. பெரெசோவ்ஸ்கி 500 கோடி டாலருக்கு மேல் கேட்டது, எழுத்தில் இல்லாத வாய்மொழி ஒப்பந்தங்களை நம்பி. எழுத்து இல்லை என்றால் சாட்சிக் கூண்டுதான் கதி. அப்ரமோவிச்சுக்கு வாதாடியவர் சம்ப்ஷன், பெரெசோவ்ஸ்கிக்கு ரபினோவிட்ஸ். குறுக்கு விசாரணையில் பெரெசோவ்ஸ்கி உதிர்ந்தார். நம்பத்தகாத சாட்சி என்று 2012 ஆகஸ்டில் நீதிபதி கிளோஸ்டர் எழுதினார். தோற்ற தரப்பின் ரபினோவிட்ஸும் நீதிபதி கிளோஸ்டரும் ஒரே சேம்பர்ஸ், ஒன் எசெக்ஸ் கோர்ட். நான் முன்பு சொன்னது இதைத்தான்.

ஆர்பிட்ரேஷனைத் தனித் துறை என்று சொல்வதே தப்பு. அது ஒரு மேடை, அதில் எந்த வியாபாரமும் ஏறும். வெளியே தெரியாமல் நடப்பதால் சேம்பர்ஸ் பக்கத்தில் "ஒரு ஆசிய எரிசக்தி நிறுவனத்துக்காக" என்று மூடி மறைத்து எழுதுவார்கள். கோர்ட்டுக்கு வந்தால்தான் உள்ளே என்ன நடந்தது என்பது தெரியும். நைஜீரியா அப்படி வந்தது. 2010-ல் பி அண்ட் ஐடி என்ற சிறு நிறுவனத்தோடு எரிவாயு ஒப்பந்தம். ஆலை கட்டப்படவே இல்லை. ஆனாலும் 660 கோடி டாலர் தரவேண்டும் என்று நடுவர்கள் சொன்னார்கள், வட்டியோடு 1,100 கோடியானது. லஞ்சம் கொடுத்து வாங்கிய ஒப்பந்தம், நைஜீரியாவின் ரகசியச் சட்ட ஆவணங்களும் எதிர்த்தரப்பின் கையில் இருந்தன என்று 2023 அக்டோபரில் நீதிபதி நோல்ஸ் கண்டறிந்து, எல்லாம் மோசடி என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளினார். நைஜீரியாவுக்கு வாதாடியவர் பிரிக் கோர்ட்டின் மார்க் ஹோவர்ட்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கிறேன். வங்கித் தகராறு என்றால் த்ரீ வெருலம் பில்டிங்ஸ், திவால் என்றால் சௌத் ஸ்கொயர், கட்டுமானம் என்றால் கீட்டிங், அட்கின், கம்பெனிச் சட்டம் என்றால் எர்ஸ்கின், போட்டிச் சட்டம் என்றால் மாங்க்டன், பிரிக் கோர்ட். இவற்றில் கட்டுமானத்தையும், இந்தப் பட்டியலில் சொல்லாத காப்புரிமையையும் மட்டும் தனியாக வையுங்கள். காரணம் அடுத்துச் சொல்லப்போகும் படிப்பு விஷயம்.

படிப்பு. சட்டப் பட்டம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வேறு எதில் பட்டம் இருந்தாலும் ஒரு வருட மாற்றுப் படிப்பு முடித்துப் பாரிஸ்டர் பயிற்சிக்குப் போகலாம். சம்ப்ஷன் ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரியில் இடைக்கால வரலாறு சொல்லிக்கொடுத்தவர், அதை விட்டு 1975-ல் பாரிஸ்டர் ஆனார், கடைசியில் பாரிஸ்டர் தொழிலிலிருந்து நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார். ஃபவுன்டன் கோர்ட்டிலிருந்து தலைமை நீதிபதி வரை உயர்ந்த பிங்கம் வரலாறு படித்தவர். கோவிட் தீர்ப்பின் லெக்கட் கேம்பிரிட்ஜில் தத்துவம். பத்தாயிரம் பக்க ஆவணத்திலிருந்து யார் எதை ஏன் எப்போது எழுதினார் என்று பிரித்தெடுப்பது வரலாற்று மாணவர் செய்யும் வேலைதான், ஆகவே எனக்கு இதில் ஆச்சரியமில்லை. காப்புரிமையில் மட்டும் கதை வேறு. அங்கே விஞ்ஞானப் பட்டம் ஏறக்குறைய எழுதாத விதி. நீதிபதிகளான கிட்சின், ராபின் ஜேக்கப் இருவரும் கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்துவிட்டு வந்தவர்கள். கட்டுமான சேம்பர்ஸில் முன்னாள் எஞ்சினியர்களைப் பார்க்கலாம்.

வேறு நாட்டில் தொழில் செய்து வந்தவர்களும் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் மண்டேலாவுக்கு வாதாடிய சிட்னி கென்ட்ரிஜ் ஐம்பது வயதைத் தாண்டி லண்டனுக்கு வந்து, பிரிக் கோர்ட்டில் சேர்ந்து, தொண்ணூறு வயது வரை வாதாடினார். நம் ஹரிஷ் சால்வே சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர், பிறகு பிளாக்ஸ்டோன் சேம்பர்ஸில் சேர்ந்து 2020-ல் க்யூ.சி. என்ற மூத்த வக்கீல் பட்டம் பெற்றார். இவர்களைக் காட்டித் தங்கை மகளுக்கு நம்பிக்கை கொடுக்கலாம். ஆனால் இவர்கள் புகழோடு வந்தவர்கள். இருபத்திமூன்று வயதில் வருகிறவருக்கு வாசல் வேறு.

அந்த வாசல் குறுகல். இன் என்று அழைக்கப்படும் பாரிஸ்டர்களின் நான்கு பழைய சங்கங்களில் ஒன்றில் சேர வேண்டும்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். காந்தி இன்னர் டெம்பிள், ஜின்னா லிங்கன்ஸ் இன். பாரிஸ்டர் பயிற்சி முடித்து, இன் அழைத்துக் கொள்வது வரை பணமும் உழைப்பும் இருந்தால் நடக்கும். அதற்கு மேல்தான் கஷ்டம். ஒரு வருட பியூப்பிலேஜ், அதாவது சேம்பர்ஸில் வேலைப் பயிற்சி, கிடைக்க வேண்டும். பெரிய கமர்ஷியல் சேம்பர்ஸ் ஒவ்வொன்றும் வருடத்துக்கு எடுப்பதே விரல்விட்டு எண்ணும் அளவு. அந்த வருடத்துக்கு லண்டனில் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை 2025-ல் சுமார் 24,000 பவுண்டாக இருந்தது, பெரிய கமர்ஷியல் சேம்பர்ஸ்களோ 75,000-க்கும் மேலே போகின்றன. ஏன் இவ்வளவு தருகிறார்கள் என்றால், போட்டி பெரிய சொலிசிட்டர் நிறுவனங்களோடு. பியூப்பில் வருடம் முழுக்க ஒவ்வொரு மேற்பார்வையாளரிடமாகச் சுற்றி, எழுதிக் கொடுப்பதையெல்லாம் மதிப்பிட்டு, முடிவில் சேம்பர்ஸ் கூடி, இடம் தரலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. கிடைத்தால் டெனன்சி, அந்த சேம்பர்ஸில் நிரந்தர இடம். இல்லையென்றால் வேறு சேம்பர்ஸ் தேட வேண்டியதுதான்.

அதன் பிறகு சில்க் எடுக்கும் வரை ஜூனியர். நரைத்த தலையோடு ஐம்பது வயது ஜூனியரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். சில்க் என்றால் அந்த மூத்த வக்கீல் பட்டம்தான், இப்போது கே.சி., 2022 செப்டம்பர் 8-க்கு முன் க்யூ.சி. பெரிய வழக்கில் ஆராய்ச்சி, ஆவணம், ஸ்கெலிடன் என்கிற எழுத்து வாதம் எல்லாம் ஜூனியர்கள் தலையில். பேசுவது பெரும்பாலும் சில்க். பேச்சு என்றால் எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு கணக்கு: பி.சி.சி.ஐ. வங்கி மூழ்கியதற்காக பேங்க் ஆஃப் இங்கிலாந்து மீது போட்ட வழக்கில் கார்டன் போலக்கின் தொடக்க உரை 80 நாள், நிக்கலஸ் ஸ்டாட்லனின் பதில் உரை 119 நாள். 2005 நவம்பரில் வழக்குப் போட்டவர்களே அதைக் கைவிட்டார்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்குத் திரும்புகிறேன். ஒரு பாரிஸ்டரின் பக்கத்தைத் திறந்தால் துறைப் பெயர்களை விட்டுவிட்டு வழக்குகளைப் பாருங்கள். எந்த வருடம் பாரிஸ்டராக அழைக்கப்பட்டார், அந்த வழக்கில் தனியாக நின்றாரா, யாருக்காவது ஜூனியராக இருந்தாரா, எதிரே யார். ஏழு வருட அனுபவக்காரர் பெரிய சில்க் ஒருவரோடு மூன்று நான்கு வழக்கில் திரும்பத் திரும்ப வந்திருந்தால், அந்த சில்க் அவரை விரும்பிக் கேட்கிறார் என்று அர்த்தம். வக்கீல்களைத் தரவரிசைப்படுத்தும் டைரக்டரிகளின் புகழ்ச்சி வரிகளை நான் படிப்பதே இல்லை, எல்லோரும் அதில் "அபாரம்"தான். பட்டியலில் ஆறு துறை இருந்து, வழக்குகள் எல்லாம் இரண்டே துறையில் இருந்தால், அந்த இரண்டுதான் அவர் தொழில். நாங்கள் ஆள் தேடும்போது செய்தது இதுதான்.

தங்கை மகளுக்கு வேண்டிய நடைமுறை விஷயங்கள். முதல் வகுப்புக்குக் குறைந்தால் பெரிய கமர்ஷியல் சேம்பர்ஸில் மிகவும் கஷ்டம், இதை மென்மையாகச் சொல்லிப் பிரயோஜனமில்லை. பலர் ஆக்ஸ்ஃபோர்டில் பி.சி.எல். என்ற முதுநிலைப் படிப்பையும் சேர்த்துக்கொள்கிறார்கள், இந்தியாவின் தேசிய சட்டப் பள்ளிகளிலிருந்தும் அங்கே போகிறார்கள். நான்கு இன்களும் உதவித்தொகை தருகின்றன. பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவில் ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு செய்து சில வருடம் தொழில் செய்தவர், வெளிநாட்டு வழக்குரைஞர் என்ற வழியில் சில கட்டங்களிலிருந்து விலக்குக் கேட்கலாம். சிங்கப்பூர், துபாய் பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். எசெக்ஸ் கோர்ட் சேம்பர்ஸில் இருந்த பாரிஸ்டர் டோபி லாண்டாவ் சிங்கப்பூருக்கே போய் சேம்பர்ஸ் வைத்துவிட்டார். லண்டன் பாரிஸ்டர் இந்தியாவுக்கு வந்து ஆலோசனை சொல்லலாமா என்ற சண்டை நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2012-ல் ஒரு தீர்ப்பாகி, 2018-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த இரண்டு தீர்ப்புகளையும் அவள் படித்து வைத்திருந்தால் நேர்காணலில் பேச ஒரு நல்ல விஷயம் கையில் இருக்கும்.

கல்லூரி விடுமுறையில் லண்டன் போக வாய்த்தால் மினி பியூப்பிலேஜ் கேட்டுப் பார்க்கட்டும். சில நாள் ஒரு பாரிஸ்டர் கூடவே இருந்து பார்ப்பது. அது கிடைக்காவிட்டாலும் ரோல்ஸ் பில்டிங்கில் பின்வரிசையில் போய் உட்கார யாருடைய அனுமதியும் வேண்டாம், அன்றைய வழக்குப் பட்டியல் முந்தின நாளே இணையத்தில் வந்துவிடும். பியூப்பிலேஜ் விண்ணப்பம் வழக்கமாக ஜனவரியில் திறந்து சில வாரத்தில் மூடும், மே மாதம் முடிவு சொல்வார்கள், சேர்வது அதற்கும் ஒரு வருடம் கழித்து. ஆகவே படிப்பு முடியட்டும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இப்போது மூன்றாம் வருடம் என்றால் எந்த ஜனவரி என்பதை இன்றே காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.